பெண் பிள்ளைகளின் ரிப் ஏன் நின்றது?



கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட வருகிறவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

தரம் 10 ஆண் பிள்ளைகள் மூன்று நாள் சுற்றுலா போய்வந்து ஒரு மாதமாகிறது. அதே தரத்துப் பெண் பிள்ளைகளின் சுற்றுலா போன வாரம் நின்றுபோனது. யாரும் தடை போடவில்லை. சம்மதப் படிவம் கொடுத்தோம். பாதிகூடக் கையெழுத்தோடு திரும்பி வரவில்லை. பஸ் காசுக்கே ஆள் போதவில்லை. "பொம்புளப் புள்ளைகளுக்கு என்னத்துக்கு ரிப்பு? கலியாணம் முடிச்ச பொறகு மாப்பிள்ளையோட போய்ச் சுத்திப் பாக்கட்டும்" என்று ஒரு வாப்பா எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார். நல்ல மனிதர். மகளின் ரியூஷன் காசு ஒரு மாதமும் பிந்தாது. இந்தப் பதிவு அவரைப் போன்ற நல்ல மனிதர்களுக்குத்தான்.

படிவம் கொடுத்த அன்று வகுப்பில் ஒரு கேள்வி கேட்டோம். நம்மட பாடசாலைக்கு முன்னால் போகிற வீதி எங்கே போகிறது? "கல்முனைக்கு" என்றார்கள் பலர். "ஆஸ்பத்திரிக்கு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதில் பிழையில்லை. அவளை அந்த வீதி கூட்டிப்போன ஆகத் தூரமான இடம் ஆஸ்பத்திரிதான்.

அது ஏ4 வீதி. கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கிற, ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளமான வீதி. நம் வாசலைத் தாண்டித் தெற்கே பொத்துவில் போய், மேற்கே திரும்பி, லாகுகலக் காட்டுக்குள் நுழைகிறது. யானை பார்க்க ரிக்கற் எடுக்கத் தேவையில்லை, அதிர்ஷ்டம் இருந்தால் வீதியோரத்திலேயே நிற்கும். பிறகு சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, வெல்லவாய. வெல்லவாயவைத் தாண்டினால் வீதி மலையேறத் தொடங்கும். ஏறுகிற இடத்தில் தியலும நீர்வீழ்ச்சி, 220 மீற்றர் உயரம், பஸ் ஜன்னலில் இருந்தே தெரியும். அதற்கப்பால் கொஸ்லந்தை, ஹல்துமுல்ல, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை, கொழும்பு. இவ்வளவும் நம் வாசலில் கிடக்கிற ஒரே வீதி. பதினைந்து வருடம் அதன் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது ஆஸ்பத்திரி ரோட்டு.

இனி, சொல்லப்பட்ட காரணங்களுக்கு வருவோம்.

முதலாவது, மஹ்ரம். மார்க்கச் சட்டம் சொல்ல நாங்கள் வரவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். நாங்கள் செய்தது இதுதான்: "உம்மாமாரும் வாருங்கள், வாப்பாமாரும் வாருங்கள், இன்னொரு பஸ் பிடிப்போம்" என்றோம். உடனே காரணம் மாறியது, செலவு அதிகமாம். மூன்று நாளை ஒரு நாளாக்கிச் செலவைக் குறைத்துக் காட்டினோம். காரணம் திரும்பவும் மாறியது, சோதனை வருகிறதாம். அது அடுத்த வருடம் அல்லவா என்றோம். "எதுக்கும் பார்ப்போம்" என்றார்கள். காரணம் இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்தால், உண்மையான காரணம் இன்னும் வாய்க்கு வரவில்லை என்றுதானே அர்த்தம்?

கோபப்படாமல் இன்னொன்றையும் யோசியுங்கள். இதே ஊரில் இருந்து எத்தனை உம்மாமார் றியாத்துக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குத் தனியாகப் போனார்கள்? ஏஜென்சிக்காரன் கொடுத்த கடதாசிக் கட்டோடு, ஒரு சொல் அரபு தெரியாமல், விமானத்தில் பெல்ட் போடத் தெரியாமல் போனார்கள். இரண்டு வருடம், நான்கு வருடம் யாரோ ஒருவரின் வீட்டுக் குசினியில் நின்றார்கள். அந்தக் காசில் எழும்பிய கல்வீடுகள் நம் ஒழுங்கைகளில் வரிசையாக நிற்கின்றன. அன்று மஹ்ரம் பற்றி எந்தக் கூட்டம் கூடியது? அந்த உம்மாமாரைக் குறை சொல்லவில்லை. அவர்களைப் போன்ற துணிச்சல்காரிகளை நாம் கண்டதில்லை. நாங்கள் கேட்பது, சம்பாதிக்க 4,000 கிலோமீற்றர் தனியாகப் போகலாம், படிக்க 200 கிலோமீற்றர் நாலு டீச்சர்மாரோடும் உம்மாவோடும் போகக் கூடாது என்பது எந்தக் கணக்கு?

நாம் பயணத்தால் வந்த சமூகம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். மீலாத் விழாவில் இப்னு பதூதாவைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைக்கிறோம். பேசுகிற பிள்ளை 1344 இல் அவர் புத்தளத்தில் இறங்கினார் என்று மனனம் செய்து ஒப்புவிக்கும், நாம் கைதட்டுவோம். அவர் தஞ்சியரில் இருந்து வெளிக்கிட்டபோது வயது 21 என்பதை யோசிப்பதில்லை. இங்கே வந்தவர் என்ன செய்தார்? பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று ஆரியச்சக்கரவர்த்தியிடம் கேட்டார். மன்னர் பல்லக்கும் கொடுத்து, கூட ஆட்களையும் அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் இருந்தார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். படித்த ஒரு முஸ்லிம், காழியாக இருந்தவர், யோகிகளோடும் பிராமணர்களோடும் காடு மேடெல்லாம் நடந்திருக்கிறார். ஈமான் ஒன்றும் கரைந்து போகவில்லை.

காலியில் 1911 இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டும் அப்படித்தான். 1409 என்று திகதியிடப்பட்டது, சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரிலும் காணிக்கை சொல்கிறது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிப்பது எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. பிள்ளை அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, ஒரே கல்லில் மூன்று எழுத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் ஒரு எழுத்தையாவது அவளே கண்டுபிடிக்க வேண்டும்.

பயணிக்குத் தொழுகையைச் சுருக்கித் தந்த மார்க்கம் இது. நோன்பைப் பிற்போடச் சலுகை தந்த மார்க்கம். ஸக்காத்தின் எட்டுப் பங்கில் ஒன்றை வழிப்போக்கனுக்கு ஒதுக்கிய மார்க்கம். பூமியில் நடந்து படைப்பைப் பார்க்கச் சொல்கிற வசனங்களை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்துதான் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறோம்.

பயத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். உண்மையான காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம்.

இந்த வீதிக்கு நம் வாப்பாமார் பயப்பட்டதற்கு நியாயம் இருந்தது. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில், இதே ஏ4 வீதியில், பயணம் செய்த நம் ஆட்கள் மறிக்கப்பட்டார்கள். ஹஜ் முடித்து வீடு திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு தலைமுறை, பிந்தினால் வராதே, இருட்டினால் ஏறாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது. எங்கள் வயதுக்காரர்களுக்குப் பயணம் என்றாலே சோதனைச் சாவடிதான். பஸ்ஸில் இருந்து இறங்கி, பையைத் தோளில் போட்டு, அடையாள அட்டையை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடப்போம். உம்மா வீட்டு வாசலில் நின்று ஓதிக்கொண்டிருப்பா. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அபாயாவோடு பஸ் ஏறுவதற்கே யோசித்த மாதங்களும் வந்தன.

இதையெல்லாம் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் இப்போது தரம் 10 இல் இருக்கிற பிள்ளைகள் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்கள் காணாத சாவடிக்கு அவர்களைப் பயப்படப் பழக்குகிறோம். அந்தப் பயத்தை மார்க்கம் என்கிறோம், செலவு என்கிறோம், சோதனை என்கிறோம்.

விலை என்ன என்று கேட்கிறீர்களா? சில வருடங்களுக்கு முன் நம் மாணவி ஒருத்தி பேராதனைக்குத் தெரிவானாள். ஊரே சந்தோஷப்பட்டது, முகநூலில் படம் போட்டோம். அவள் போகவில்லை. "தூரம்" என்றார்கள். கண்டிக்கு அவள் அதற்கு முன்பு ஒரு தடவையாவது போயிருந்தால், வாப்பாவும் உம்மாவும் கூடப் போய் அந்தப் பூங்காவில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால், அந்தத் தூரம் அவ்வளவு தூரமாக இருந்திருக்குமா? பதினெட்டு வயதில் திடீரென்று கண்டி என்றால் யாருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அந்தப் படபடப்பைப் பதினைந்து வயதிலேயே, கூட்டத்தோடு, சிரிப்போடு கழித்துவிடத்தான் பாடசாலைச் சுற்றுலா.

எங்கள் மீதும் பிழை இருக்கிறது, மறைக்கவில்லை. நாம் நடத்துகிற ரிப் பல நேரம் ரிப்பே இல்லை. மூன்று நாளில் பதினான்கு இடம். இரவு இரண்டு மணி வரைக்கும் பஸ்ஸில் பைலா. விடிய சீகிரியாவுக்கு இறக்கினால் பாதிப் பேர் தூக்கம். கண்ணாடிச் சுவரில் ஆயிரம் வருடத்துக்கு முந்திய சாதாரணப் பயணிகள் கவிதை கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொல்வதற்குள் "சேர், தண்ணிச் சறுக்கு எப்ப?" என்று கேட்பார்கள். புரியாணிப் பார்சலின் லஞ்ச் ஷீற் ஆற்றங்கரையில் கிடக்கும். இரவு முழுக்க ஓட்டிய சாரதியையே அடுத்த நாள் மலைப்பாதையிலும் ஓட்ட வைத்திருக்கிறோம். அல்லாஹ் காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். பெற்றோர் இதைச் சொல்லிச் சண்டை பிடித்திருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்போம். ஆனால் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆண் பிள்ளைகளின் ரிப்பும் இதே லட்சணத்தில்தான் நடந்தது. அதற்கு எல்லாப் படிவமும் இரண்டு நாளில் வந்துவிட்டது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் இருந்தார். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வழியாகப் போகச் சொல்வார். திங்கட்கிழமை மூன்று கேள்வியோடு வர வேண்டும். பதில் கேட்க மாட்டார். முதலில் சிரித்தோம். மாரி காலத்தில் முகத்துவாரத்தை ஏன் வெட்டுகிறார்கள்? அடுத்த ஊரில் நம் கறிக்கு ஏன் வேறு பெயர்? ஒரே கடையின் பெயர்ப் பலகையில் மூன்று மொழியும் ஏன் மூன்று அளவில்? சில மாதத்தில் சைக்கிளில் சந்தைக்குப் போவதே பயணமாகிவிட்டது. இன்றுவரை அந்தப் பழக்கம் விடவில்லை. வகுப்பில் நாங்கள் கொஞ்சமாவது உருப்படியாகப் படிப்பிக்கிறோம் என்றால் பாதி அந்தக் கேள்விகளால்தான்.

பிள்ளைகளிடமும் அது வேலை செய்வதைக் கண்டிருக்கிறோம். முன்பு ஒரு முறை சின்னக் குழுவாக மலைப்பக்கம் போனோம். வெல்லவாயவில் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன ஒரு பிள்ளை வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கடைக்காரம்மா சிங்களத்தில் என்ன கேட்டார் என்று விளங்கவில்லையாம். கொஸ்லந்தையில் இறங்கியபோது 2014 ஒக்டோபரில் மீரியபெத்தயில் மண் சரிந்து லயன் வீடுகள் புதைந்த கதையைச் சொன்னோம். அவள் வயதுப் பிள்ளைகள் அந்த மலையில் இருந்து பாடசாலைக்கு நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊருக்கு வந்தவள் இரண்டாம் மொழிப் பாடத்தில் முன்வாங்கில் வந்து உட்கார்ந்தாள். உம்மாவிடம் தேயிலைப் பக்கற்றைக் காட்டி, இது எந்த மலையில் இருந்து வந்தது என்று கேட்கிறாளாம். "ரிப்பு போய் வந்து வாய் கூடிட்டு" என்று உம்மா எங்களிடம் முறைப்பாடு சொன்னா. அந்த முறைப்பாட்டை விடப் பெரிய சான்றிதழ் எங்களுக்கு இதுவரை யாரும் தந்ததில்லை.

இப்போது திட்டம். தியலும வரை ஒரு நாள் பயணம். சுபஹுத் தொழுததும் புறப்பட்டு, மஃரிபை வழியில் தொழுதுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரலாம். மூன்று நிறுத்தம் மட்டும்: லாகுகல, வெல்லவாய, தியலும. இரண்டு சாரதிகள். பாட்டுப் பெட்டி இல்லை. அருவியில் இறங்கிக் குளிக்க மாட்டோம், தூரத்தில் நின்று பார்ப்போம். நான்கு டீச்சர்மார் கூட வருகிறோம். விருப்பமான உம்மாமார், வாப்பாமார் அத்தனை பேருக்கும் இடம் உண்டு, பஸ் காசு மட்டும் தந்தால் போதும். காசு கஷ்டமான பிள்ளைகளின் பங்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். யார் எவர் என்று வெளியே சொல்ல மாட்டோம்.

சோறு பெட்டியில் கொண்டு வாருங்கள், பார்சல் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து வர வேண்டும். படிவம் மீண்டும் திங்கட்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம். வியாழக்கிழமைக்குள் வேண்டும். கையெழுத்துப் போட மனமில்லாதவர்கள் வெறும் படிவத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். பின்பக்கத்தில் காரணத்தை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள், அல்லது அஸருக்குப் பிறகு பாடசாலைக்கு வாருங்கள். இருந்து பேசுவோம்.