பாடம் பிள்ளைக்கு, பரீட்சை பெற்றோருக்கு!

இரவு 8 மணி. சாப்பாடு முடிந்து, படுக்கை விரிக்கும் நேரம். அப்போதுதான் குழந்தைக்கு ஞாபகம் வருகிறது. "அம்மா, நாளைக்குக் காற்றாலை செய்துகொண்டு போக வேண்டும்!"

வீடு அமளிப்படுகிறது. அப்பா கடைக்கு ஓடுகிறார். சார்ட் அட்டை, தெர்மாகோல், வண்ணக் காகிதம், பசை எல்லாம் வந்து சேருகின்றன. அம்மா வெட்டுகிறாள். அப்பா ஒட்டுகிறார். அக்காள் வர்ணம் பூசுகிறாள். குழந்தையோ தூங்கிவிடுகிறது!

காலையில் காற்றாலை பள்ளிக்கூடம் போகிறது. மார்க்கும் வருகிறது. அந்த மார்க்கு யாருக்கு?

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தத் திண்டாட்டம் புதிது அல்ல. இதற்குப் பெயர் "புராஜெக்ட்". தமிழில் செயல்திட்டம். பெயருக்கு ஏற்றபடி செயல் நடக்கிறது. ஆனால் செய்வது யார் என்பதுதான் கேள்வி.

காந்தி சொன்ன வழி

கையால் செய்து படிப்பது நல்ல முறை. அதில் சந்தேகம் இல்லை. 1937-ம் ஆண்டு அக்டோபர் மாதம் வார்தாவில் ஒரு கல்வி மாநாடு நடந்தது. காந்தி தலைமை தாங்கினார். நூல் நூற்பது போன்ற ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கையும் மற்றப் பாடங்களையும் அதன் வழியே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதுவே "ஆதாரக் கல்வி" ஆயிற்று.

அந்தத் திட்டத்தில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. தக்ளியைச் சுற்ற வேண்டியது குழந்தையின் கை. சுற்ற வேண்டிய இடம் பள்ளிக்கூடம். வீட்டில் தாயார் நூற்றுக் கொடுத்தனுப்பும் நூலுக்கு அங்கே வேலை இல்லை!

சட்டம் சொல்வது என்ன?

2009-ல் பாராளுமன்றம் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. குழந்தை மனப்பாடம் செய்தால் போதாது, செய்து பார்த்தும் தேடிக் கண்டுபிடித்தும் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

தமிழ்நாட்டில் 2012-13-ல் முப்பருவ முறை வந்தது. 100 மார்க்கில் 60 மார்க் பருவத் தேர்வுக்கு. மீதி 40 மார்க் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும். ஒரு பரீட்சையை வைத்தே குழந்தையை எடை போடக்கூடாது என்ற நல்ல எண்ணமே இதற்குக் காரணம்.

சி.பி.எஸ்.இ. வாரியமும் அந்தக் காலத்தில் இதுபோன்ற முறையைக் கொண்டுவந்தது. செயல்திட்டங்களை வகுப்பிலேயே, பள்ளி நேரத்திலேயே, பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து செய்ய வேண்டும் என்றும் அது பள்ளிகளுக்குச் சொன்னது. 2017-ல் அந்த மார்க் முறையை வாரியம் கைவிட்டது. புராஜெக்ட் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை!

வீட்டுக்கு வந்தது எப்படி?

வகுப்பில் பிள்ளைகள் அதிகம். முடிக்க வேண்டிய பாடமும் அதிகம். வெட்டவும் ஒட்டவும் நேரம் எங்கே? "வீட்டில் செய்துகொண்டு வா" என்று சொல்வது சுலபம்.

செய்து வந்ததைச் சுவரில் மாட்டுகிறார்கள். மேஜையில் அடுக்குகிறார்கள். அழகானது முன்வரிசைக்குப் போகிறது. கோணலானது பின்னால் போகிறது. அழகுக்கு மார்க் என்று ஆனதும் பெற்றோர் சும்மா இருப்பார்களா? போட்டி பிறக்கிறது.

போட்டி வந்தால் வியாபாரமும் வரும். தலைவர்கள் படம், பழங்கள் படம், மிருகங்கள் படம் எல்லாம் அச்சடித்த தாள்களாகக் கடையில் கிடைக்கின்றன. செய்து முடித்த எரிமலையும் சூரிய மண்டலமும்கூடப் பெரிய ஊர்களில் விலைக்கு வந்துவிட்டன. காசு கொடுத்தால் போதும்; கை அழுக்காக வேண்டியதில்லை!

நஷ்டம் யாருக்கு?

முதல் நஷ்டம் ஏழைக் குழந்தைக்கு. கூலி வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் தாய், சார்ட் அட்டைக்கு எங்கே போவாள்? தானே செய்த கோணல் வீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை வகுப்பில் நிற்கிறது. உண்மையில் பாடம் படித்தது அதுதான். ஆனால் வெட்கப்படுவதும் அதுதான்!

இரண்டாவது நஷ்டம் வசதியான வீட்டுக் குழந்தைக்கு. "என் கையால் ஆகாது, அப்பா செய்தால்தான் அழகு" என்று அது கற்றுக்கொள்கிறது. பிறர் வேலையைத் தன் வேலை என்று காட்டுவதும் பழக்கமாகிறது. இது மார்க்கைவிடப் பெரிய நஷ்டம்.

மூன்றாவது, குப்பை. 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டு, குவளை போன்ற ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. தெர்மாகோல் மண்ணில் மக்காது என்று பிள்ளைகளே பாடத்தில் படிக்கிறார்கள். ஆனால் "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்ற புராஜெக்டைத் தெர்மாகோலில்தான் செய்கிறார்கள்!

தீக்குச்சி சொல்லும் பாடம்

காசு இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிக் கிராமப் பள்ளிகளில் வேலை செய்தபோது, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுமே அவருக்குக் கருவிகள் ஆயின. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மருந்தைச் சுரண்டி எடுத்த மூன்று தீக்குச்சிகளை டியூப் துண்டுகளால் முக்கோணமாகக் கோக்க வேண்டும். அழுத்தினாலும் அது உருவம் மாறாது. நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கோத்துத் தள்ளினால் சாய்ந்துவிடும். கூரைச் சட்டத்திலும் மின்சாரக் கோபுரத்திலும் முக்கோணம் ஏன் இருக்கிறது என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். செலவு சில காசு. பாடமோ ஆயுளுக்கும் மறக்காது.

படிக்காதவரும் ஆசிரியரே!

"எனக்குப் படிப்பு இல்லை, பிள்ளைக்கு எப்படி உதவுவேன்?" என்று பல பெற்றோர் கவலைப்படுகிறார்கள். கவலை வேண்டாம்.

கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டில் பூமியின் ஈர்ப்புச் சக்தி இருக்கிறது. நெசவாளி எண்ணும் பாவு இழையில் கணக்கு இருக்கிறது. தாய் வைக்கும் கோலப் புள்ளியில் வரிசையும் வடிவமும் இருக்கின்றன. இவற்றைப் பிள்ளைக்குக் காட்டினால் அதுவே உயர்ந்த புராஜெக்ட். வார்தாவில் பேசியதும் இதைத்தான்.

செய்ய வேண்டியது என்ன?

கத்தி பிடிப்பதும், சூடான பசையைத் தொடுவதும் பெரியவர்கள் வேலை. மற்றதெல்லாம் குழந்தையின் வேலை. கோணலாக ஒட்டினால் பிடுங்கித் திருத்த வேண்டாம். "இது எப்படி வேலை செய்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொன்னால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ஆசிரியர்களும் அந்தக் கேள்வியையே கேட்கலாம். பொருளின் அழகுக்கு மார்க் போடாமல், குழந்தை சொல்லும் விளக்கத்துக்கு மார்க் போட்டால் கடைச் சரக்கு தானாகவே மதிப்பு இழக்கும். வாரத்தில் ஒரு மணி நேரத்தை வகுப்பிலேயே ஒதுக்கினால், இரவு 8 மணி ஓட்டமும் நின்றுவிடும்.

பெற்றோர் ஏற்கனவே தங்கள் பரீட்சையை எழுதி முடித்தவர்கள். இனி எழுத வேண்டியது பிள்ளைகள். கோணலாக இருந்தாலும் அது அவர்கள் கையெழுத்தாக இருக்கட்டும்!