மண்குதிரையும் மரப்படகும்

மனிதனுக்கு வரக்கூடிய ஆசைகளில் மூன்று மிகவும் பொல்லாதவை என்று என் பாட்டனார் சொல்வதுண்டு: பழைய வீடு, பழைய வழக்கு, பழைய வாகனம். இவற்றை வாங்கும்போது நாம் கொடுப்பது அச்சாரம் மட்டும்தான். விலை பிற்பாடு தவணை தவணையாக வந்து சேரும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகனை மூன்றாவது ஆசை பிடித்துக் கொண்டது. வாகனம் என்றதும் மோட்டார்க் கார் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் விரும்பியது மோட்டார்ப் படகு. அதுவும் எழுபது எண்பது வருஷங்களுக்கு முன்பு மரத்தினால் கட்டிய படகு. அதை வாங்கிச் செப்பனிட்டு, கோடைக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தாயாரையும் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு காலையில் ஏரிக்குள் போய் மாலையில் திரும்பவேண்டும். படகில் படுக்கை வேண்டாம், சமையல் வேண்டாம். பகலில் போய்ப் பகலிலேயே திரும்பும் படகு. இவ்வளவுதான் அவன் ஆசை.

சென்ற கோடையில் நான் அவன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். "மாமா, மூன்று படகுகள் பார்த்து வைத்திருக்கிறேன். நீங்களும் வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும்" என்றான். படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மாமன் என்று ஒருவனைக் கடவுள் படைத்திருப்பதே தெரியாத விஷயத்தில் அபிப்பிராயம் சொல்வதற்குத்தானே? கிளம்பிவிட்டேன்.

அந்தப் பிரதேசத்தில் மரப்படகுக்கு உள்ள மதிப்பே தனி. ஸெயின்ட் கிளேர் நதிக்கரையில் அல்கோனாக் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கிறிஸ்டபர் கொலம்பஸ் ஸ்மித் என்று ஒரு படகுத் தச்சர் இருந்தார். இப்படிப்பட்ட பெயரை வைத்துக்கொண்டு மனிதர் தண்ணீரை விட்டு எங்கே போக முடியும்? அவர் கட்டிய 'மிஸ் அமெரிக்கா' என்ற பந்தயப் படகைக் கார் வுட் என்பவர் 1920-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையை வென்று வந்தார். ஸ்மித்தும் அவருடைய பிள்ளைகளும் நடத்திய தொழில்தான் பின்னர் 'கிரிஸ்-கிராப்ட்' என்று பிரசித்தி பெற்றது. 1927-ல் அவர்கள் 'கேடெட்' என்ற 22 அடிப் படகை வெளியிட்டார்கள். மோட்டார்க் கார் தொழிற்சாலையைப் போல ஒரே மாதிரியில் பல படகுகளைக் கட்டியதால், கோடீசுவரர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த மோட்டார்ப் படகு ஓரளவு வசதியுள்ள குடும்பங்களுக்கும் எட்டிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அதே கைகள் போர்வீரர்களைக் கரையில் இறக்கும் படகுகளை ஆயிரக்கணக்கில் கட்டின. யுத்தம் முடிந்ததும் மறுபடி உல்லாசப் படகுகள். பிறகு கண்ணாடி நாரும் பிசினும் கலந்து வார்க்கும் படகுகள் வந்தன. 1970-களின் தொடக்கத்தோடு அந்தக் கம்பெனியில் மரவேலை நின்றுபோயிற்று. ஆகவே இன்று எஞ்சியிருக்கும் ஒவ்வொரு மரப்படகும் எண்ணிக்கையில் குறைய முடியுமே தவிரக் கூட முடியாது. செப்பனிடுகிறவனுடைய தவறு வெறும் பண நஷ்டத்தோடு முடிவதில்லை என்பது இதனால்தான்.

எங்களோடு ஒரு கிழத் தச்சரும் வந்தார். படகு பழுது பார்ப்பதே அவருக்கு வாழ்நாள் தொழில். பையில் நம் ஊர்க் கோணியூசி போன்ற ஒரு குத்தூசியும், சிறு சுத்தியும், கைவிளக்கும் வைத்திருந்தார். அதிகம் பேசுகிற மனிதர் அல்ல.

முதற் படகு ஒரு வைக்கோல் கொட்டகையில் இருந்தது. 1939 முதல் 1942 வரை கட்டிய 'பீப்பாய் முதுகு' ஜாதி. 19 அடி நீளம். பின்புறம் பீப்பாயைப் போல உள்நோக்கி வளைந்து இறங்கும் அழகைப் பார்த்தால் கண்ணெடுக்க முடியாது. ஆனால் எங்கள் கண்ணில் பட்டது படகின் எலும்புக்கூடு. பலகைகள் ஒரு பக்கம், யந்திரம் ஒரு பக்கம், ஆணிகள் தகர டப்பாக்களில். பிரித்துப் போட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்றாம். பிரித்தவர் காலமாகிவிட்டார், அவருடைய மனைவி விற்கிறார். "ஒவ்வொரு வருஷமும் அடுத்த கோடையில் தண்ணீரில் விடுவேன் என்பார்" என்று அந்த அம்மாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாவது, ஒரு வியாபாரியின் கொட்டகையில். யுத்தத்துக்குப் பிந்திய 17 அடி 'ரன்அபௌட்'. வார்னிஷில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அடிப்புறத்தில் புது வண்ணம் தடிப்பாகப் பூசியிருந்தது. மருமகன் மயங்கி நின்றான், நானும்தான். தச்சர் குத்தூசியை எடுத்தார். "புது வண்ணத்தைக் கெடுக்கலாமா?" என்று வியாபாரி பதறினார். தச்சர் மறுபேச்சில்லாமல் உள்ளே இறங்கி, தரைப்பலகையைத் தூக்கிவிட்டு, வங்குக்கால்களின் நுனியில் ஊசியை வைத்தார். பழுத்த பலாவில் இறங்குவது போல் அது இறங்கிற்று.

திரும்பும் வழியில்தான் அவர் வாய் திறந்தார். மரப்படகின் ஆயுள் அதன் அடியில் இருக்கிறது என்றார். இந்தப் படகுகளுக்கு அடிப்பலகை இரட்டை அடுக்கு. உள்ளடுக்கில் மெல்லிய பலகைகள் குறுக்குச் சாய்வாக; வெளியடுக்கில் கனமான பலகைகள் நீளவாட்டில்; இரண்டுக்கும் நடுவே பசையில் தோய்த்த கித்தான். படகு தண்ணீரில் கிடக்கும்போது பலகைகள் ஊறிப் பருத்து, இடுக்குகள் தாமே அடைபடும். கரையில் காய்ந்தால் மறுபடி வாய் திறக்கும். எனவே பழைய முறைப்படி ஒவ்வொரு வசந்த காலத்திலும் படகை வாரில் தொங்கவிட்டுச் சில நாள் தண்ணீரில் ஊறவைப்பார்கள். நடுவிலுள்ள கித்தானோ வருஷக்கணக்கில் நைந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் உலோகத்தைத் தின்னும். நல்ல தண்ணீரும் மழை நீரும் மரத்தை அழுகச் செய்யும். வங்குக்கால் நுனிகள், ஏராக்கட்டையை ஒட்டிய பலகை, பின்பலகையின் கீழ் மூலைகள் ஆகியவையே முதலில் போகும் இடங்கள். மேலே பூசும் வார்னிஷ் இவற்றில் ஒன்றையும் காப்பாற்றாது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்று நம் பெரியோர் சொன்னார்கள். அந்தக் குதிரைக்கும் வார்னிஷ் அடித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது படகு ஓர் ஏரிக்கரைக் கொட்டிலில் இருந்தது. அதுவும் யுத்தத்துக்குப் பிந்தியதுதான். 18 அடி 'ஸ்போர்ட்ஸ்மன்'. 1981-ல் வெளியான 'ஆன் கோல்டன் பாண்ட்' திரைப்படத்தில் ஹென்றி போண்டா ஏறிவரும் படகுக்கு இது சிறிய தங்கை. அது 22 அடி. மங்கிப்போன மரம், கிழிந்த ஆசனம், ஓரங்களில் கறுப்பு. தச்சரின் ஊசி இங்கேயும் சில இடங்களில் இறங்கிற்று. ஆனால் அவர் தரையில் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடி, ஏராக்கட்டையை நுனியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டு, "நேராக இருக்கிறது" என்றார். ஏரா வளைந்து போயிருந்தால், அல்லது அடிப்புறம் பின்பக்கத்தில் குழிந்திருந்தால், வேகமெடுக்கும்போது படகு மூக்கைத் தண்ணீரில் அழுத்தும். அதைத் திருத்துவது பெரும்பாடு.

பிறகு யந்திரத்தைத் திறந்தார். ஆறு ஸிலிண்டர், 95 குதிரை சக்தி. முதலில் அவர் பார்த்தது வெடிப்பு இருக்கிறதா என்று. அந்த ஊர்க் குளிரில், யந்திரத்துக்குள் தங்கிய தண்ணீரை வடிக்காமல் விட்டால், அது உறைந்து பருத்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடுமாம். நம் ஊரில் யந்திரம் கெடுவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. பனிக்கட்டி அந்த ஜாபிதாவில் இல்லை! இதில் வெடிப்பில்லை. கண்ணாடிச் சட்டம், முன்முனைக் கவசம், கொடிக்கம்பத்தின் அடிப்பாகம் என்று முலாம் பூசிய உருப்படிகள் அனைத்தும் அதனதன் இடத்தில் இருந்தன. தொலைந்த உருப்படி ஒவ்வொன்றையும் தேடி வாங்குவதும் வார்ப்பதும், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. கிரிஸ்-கிராப்ட் கம்பெனியின் பழைய ஆவணங்கள் வர்ஜீனியா மாகாணத்தில் நியூபோர்ட் நியூஸ் நகரத்து மாரினர்ஸ் மியூஸியத்தில் இருக்கின்றன. படகின் எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால், அது எப்போது கட்டப்பட்டது, எந்த யந்திரத்தோடு யாருக்கு அனுப்பப்பட்டது என்று காட்டும் அட்டையின் பிரதி கிடைக்கும். பெண் பார்க்கப் போகுமுன் ஜாதகம் வாங்குவது போலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம்: இந்த ஜாதகத்தை வேண்டியபடி எழுதி வாங்க முடியாது.

அன்றிரவு வீட்டில் பெரிய விசாரணை நடந்தது. மருமகனுக்கு மனம் முழுவதும் பீப்பாய் முதுகில். "அதன் விலையும் குறைவு, மாமா!" என்றான். அவன் மனைவி கேட்டாள்: "நாம் வாங்குவது எதற்கு? பார்ப்பதற்கா, ஏறுவதற்கா?"

எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி இது. நாங்களோ அதைக் கடைசியில் கேட்டோம். 'ரன்அபௌட்' ஜாதியில் ஆசனங்கள் மேல்தளத்தில் வெட்டிய பள்ளங்களில் இருக்கும். மேலே கால் வைத்துக் கீழே இறங்கி உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் எழுந்து நடமாட இடமில்லை. இளம் தம்பதிகளுக்குப் பொருத்தம். 'ஸ்போர்ட்ஸ்மன்' அப்படி அல்ல; நடுவில் யந்திரத்துக்கு ஒரு பெட்டி, சுற்றிலும் திறந்த தரை. குழந்தைகள் நகரலாம், கூடையை வைக்கலாம். முழங்கால் வலிக்காரியான என் தங்கை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். சந்தையில் 'ரன்அபௌட்'டுக்கே மவுசு அதிகம். ஆனால் சந்தையா வந்து படகில் உட்காரப் போகிறது?

எந்தத் தண்ணீர் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஈரி போன்ற பேரேரி ஆழம் குறைந்தது. காற்று எழுந்தால் குட்டையான செங்குத்து அலைகள் கிளம்பும். அதற்கென்றே ஒஹையோவில் சாண்டஸ்கி நகரத்து லைமன் கம்பெனியார், பலகையின் விளிம்பின் மேல் பலகை ஏறும்படி கட்டிய படகுகள் பேர் பெற்றவை. மருமகன் போகப் போவது உள்நாட்டுச் சிற்றேரி. அதற்கு இந்தப் படகு போதும்.

மூன்றாவதையே வாங்கினான். அதற்கும் அடிப்புறம் முழுவதும் புதிதாகப் போட வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் வாங்கிய விலையைத் தாண்டிவிடும் என்று தச்சர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் இது நோயைச் சொல்லிவிட்ட படகு. இரண்டாவது, நோயை மறைத்த படகு. முதலாவது? "அதற்கு உரியவன் ஒருவன் வருவான், அவனுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது" என்றார் தச்சர்.

அடிப்புறம் கட்டுவதில் இரண்டு கட்சிகள் உண்டு. கித்தானும் பசையும் வைத்த பழைய முறையே தர்மம் என்பது ஒரு கட்சி. மரத்துக்குப் பிசின் ஊட்டி, இரண்டு அடுக்குக்கும் நடுவே ரப்பர் போல் இளகி நிற்கும் ஒட்டுப்பசையை இட்டு, சிலிக்கன் கலந்த வெண்கலத் திருகாணிகளால் இறுக்குவது மற்றொரு கட்சி. இந்த இரண்டாவது முறையில் வருஷாவருஷம் ஊறவைக்கும் வேலையில்லை. கண்காட்சியில் வைத்துத் தீர்ப்புக் கேட்பவன் முதற் கட்சியைச் சேரட்டும். வாரமெல்லாம் வீட்டு வாசலில் வண்டியின் மேல் காய்ந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீரைக் காணும் படகுக்கு இரண்டாவதே தகுந்தது.

ஒன்றில் மட்டும் தச்சர் கண்டிப்பாக இருந்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழியில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும். ஆவியை வெளியேற்றும் மின்விசிறி வைக்க வேண்டும். யந்திரத்தைக் கிளப்புமுன் சில நிமிஷம் அதை ஓடவிட்டு, பெட்டியைத் திறந்து மோந்தும் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோல் குழாய்களை மாற்றாமல் குழந்தைகளை ஏற்றக் கூடாது. "பழமையைக் காப்பாற்று, ஆனால் பழைய ஆபத்தைக் காப்பாற்றாதே" என்றார்.

நான் ஊர் திரும்பிய பிறகு மருமகனிடமிருந்து படங்கள் வந்தன: அடிப்பலகை எல்லாம் கழற்றி ஆயிற்று, ஒவ்வொன்றிலும் எண் எழுதி அடுக்கியிருக்கிறான். கூடவே ஒரு வரி: "அடுத்த கோடையில் தண்ணீரில் விட்டுவிடுவேன், மாமா."

கொட்டகையில் நின்ற அந்த அம்மாள் என் நினைவுக்கு வந்தார். உடனே பதில் எழுதினேன்: "அந்த வார்த்தை மட்டும் வேண்டாம், அப்பா. தேதி எழுது."

மறுநாளே எழுதியிருந்தான்: ஜூலை மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. அம்மாவுக்கு ஏறி இறங்க ஒரு சிறிய மரப்படியும் செய்தாகிவிட்டதாம். தங்கை அதைக் கூடத்தில் போட்டு ஏறிப் பழகிக் கொண்டிருக்கிறாள்.