பப்பாசிப்பழமும் பொதியின் பின்புறமும்

சென்ற ஞாயிறு காலை வெள்ளவத்தைச் சந்தைக்குச் சென்ற நமக்கு, பழக்கடை ஒன்றின் முன்னால் நடந்த சிறு வழக்கொன்றைக் கேட்க நேர்ந்தது. முதிய அம்மையார் ஒருவர் சிவந்த பப்பாசிப்பழம் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது மரபணு மாத்தின பழமெல்லோ? வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்குதுகள், எனக்கு வேண்டாம்" என்று கூறி அதனை வைத்துவிட்டார். கடைக்காரர் சத்தியம் செய்தும் பயனில்லை. அம்மையாரின் பையிலோ சோயாமீற் பொதிகள் இரண்டும், பிறநாட்டுக் கோர்ன்பிளேக்ஸ் பெட்டி ஒன்றும் இருந்தன. அவற்றின் பின்புறத்தை அவர் வாசித்தவராகத் தெரியவில்லை.

அம்மையாரை நாம் நகையாடவில்லை. பேரப்பிள்ளைகள்மீது கொண்ட அன்பே அவரை அஞ்ச வைத்தது. ஆயினும், அச்சம் போகவேண்டிய இடத்தை விட்டு வேறிடம் போய்விட்டது என்பதே நம் கவலை.

மரபணு மாற்றம் என்பது யாது? ஓர் உயிரின் இயல்பைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு ஒன்றை ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்து, வேறோர் உயிரினுள் புகுத்துவதாகும். இரு வகைச் செடிகளை மகரந்தத்தால் இணைத்துப் பெறும் கலப்பினம் வேறு, இது வேறு. நம் சந்தைகளில் காணும் 'ரெட் லேடி' பப்பாசி கலப்பினமே. விதையில்லாத முந்திரிகையும் மரபணு மாற்றத்தின் விளைவன்று. மரபணு மாற்றிய பப்பாசி உலகில் இல்லாமலில்லை. நச்சுயிர் நோயினால் தோட்டங்கள் அழிந்த ஹவாய்த் தீவில் 1998இல் அது பயிரிடப்பட்டது. இலங்கையிலோ மரபணு மாற்றிய பயிர் எதுவும் வணிகத்துக்காகப் பயிராவதில்லை.

அப்படியாயின் அவை நம் அடுக்களையை அடையும் வழி எது? இறக்குமதியே. ஐக்கிய அமெரிக்காவில் விளையும் சோயாவிலும் சோளத்திலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மரபணு மாற்றியவை. ஆகவே விசாரிக்க வேண்டியது பழக்கூடையை அன்று, பொதியையும் பெட்டியையுமே.

இவை நஞ்சா என்று கேட்பீர்கள். உலகச் சந்தைக்கு வந்துள்ளவை பாதுகாப்புச் சோதனைகளில் தேறியவை என்றும், அவற்றால் உடல்நலத்துக்குக் கேடு நேர வாய்ப்பில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும் என்பதும் அதன் கருத்து. அதற்குக் காரணம் உண்டு. சோயாவின் சத்தைப் பெருக்கும் பொருட்டுப் பிரேசில் கொட்டையின் மரபணு அதில் சேர்க்கப்பட்டது. அக்கொட்டை ஒவ்வாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒவ்வாது என்பது சோதனையில் தெரியவந்தது. 1996இல் அம்முடிவு வெளியாயிற்று. அந்தச் சோயா சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. சோதனை காத்தது, வெறும் அச்சம் காக்கவில்லை.

அறிந்தோரும் இவ்விடயத்தில் ஒரே முடிவுக்கு வந்தாரில்லை. புழுவை எதிர்க்கும் மரபணுக் கத்தரிக்காயைப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபின் 2010 பெப்ரவரியில் இந்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். பங்களாதேசமோ 2013இல் அதனை அனுமதித்தது.

நம் நாடு 2001இல் இத்தகைய உணவுகளின் இறக்குமதியை முற்றாகத் தடுக்க முனைந்து, பிறநாடுகளின் வணிக நெருக்கடியால் பின்வாங்கியது. பின்னர் 2007 சனவரி முதலாந் திகதி முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் நடுவழி ஒன்றைக் கண்டன. பிரதம உணவு அதிகாரியின் ஒப்புதலின்றி இவ்வுணவுகளை இறக்குமதி செய்தலும் விற்றலும் ஆகா. ஒரு கூட்டுப்பொருளில் தற்செயலாய்க் கலந்தது 0.5 வீதத்துக்கு மேற்படுமாயின், மரபணு மாற்றப்பட்டது என்று பொதியிலே சொல்லியாக வேண்டும்.

உண்பதா, விடுப்பதா என்பது அவரவர் உரிமை. உடல்நலம் கருதியோ, சமய ஒழுக்கம் கருதியோ ஒருவர் வேண்டாம் எனலாம். ஆனால் அந்த உரிமை பொதியின் பின்புறத்தில், பொடி எழுத்தில் அன்றோ குடியிருக்கிறது! வாசிப்பார் இல்லையேல் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே. கண்ணால் பார்த்தோ, நாவால் சுவைத்தோ இதனை அறிய இயலாது என்பதையும் மறவாதீர்கள்.

எனவே இல்லத்தரசியர்க்கு நாம் கூறுவது இதுவே: கூட்டுப்பொருட் பட்டியலையும், விளைந்த நாட்டையும், மரபணு பற்றிய குறிப்பையும் பார்த்து வாங்குங்கள். ஐயம் எழுந்தால் கடைக்காரரைக் கேளுங்கள். தீராவிடின் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள். மாணவச் செல்வங்களே, பாட்டிமாரின் கண்ணுக்குப் பொடி எழுத்து எட்டாது. இன்று மாலையே அடுக்களையிலுள்ள மூன்று பொதிகளை எடுத்து, அவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

பப்பாசிப்பழத்தை மட்டும் பாவம், விட்டுவிடுங்கள். அன்று அந்தப் பழத்தை நாமே வாங்கி வந்தோம், தேனாய் இனித்தது.