ஏர்வாடிக்குப் போகும் முன்பே மருத்துவர் வேண்டும்

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள். அடுத்த சில நாட்களில் அங்கிருந்த இத்தகைய காப்பகங்களை அரசு இழுத்து மூடியது.

காப்பகம் நடத்தியவர்களைத் திட்டித் தீர்ப்பது எளிது. ஆனால், அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான். ஏர்வாடி தர்காவின் தீர்த்தமும் விளக்கு எண்ணெயும் நோயைத் தீர்க்கும், வீட்டுக்குத் திரும்பலாம் என்று கனவில் உத்தரவு வரும் என்பது நம்பிக்கை. சாதி, மதம் பாராமல் வந்தார்கள். அந்தக் கனவு வர மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். கூலி வேலையை விட்டுவிட்டு அதுவரை கூடவே உட்கார்ந்திருக்க எத்தனை பேரால் முடியும்?

மனச்சிதைவு நோய் ஒரு வீட்டுக்குள் நுழையும் விதம் இப்படி. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் கல்லூரிக்குப் போவதை நிறுத்துகிறான். இரவில் தூங்குவதில்லை, நாள் கணக்கில் குளிப்பதில்லை. ஆளில்லாத அறையில் யாருக்கோ பதில் சொல்கிறான். அம்மா போட்ட சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். அக்கம்பக்கம் 'காத்து கருப்பு' என்கிறது. முதலில் மந்திரிப்பு, பிறகு தாயத்து. இதற்குள் ஓரிரு ஆண்டுகள் ஓடிவிடும். அப்போது உறவுக்காரர் ஒருவர், "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்பார்.

இருப்பதிலேயே மோசமான யோசனை இதுதான். பெண் வீட்டாரிடம் உண்மையை மறைக்கிறார்கள். வைத்தியம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், கல்யாணத்தை ஒட்டி மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பும்போது பழி மருமகள் தலையில் விழுகிறது. பெண்ணுக்கு நோய் என்றால் நேரே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த நோய்க்கு மருந்து 1950களிலேயே வந்துவிட்டது. காதில் கேட்கும் குரல்கள் ஒரே நாளில் அடங்கிவிடாது. வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் கிடைப்பதும் இல்லை. ஆனாலும் வேலைக்குப் போய், குடும்பம் நடத்துபவர்கள் ஏராளம். 'சரியாகிவிட்டதே' என்று தாமாக மாத்திரையை நிறுத்துவதுதான் பலரை மீண்டும் படுக்கையில் தள்ளுகிறது.

தமிழ் சினிமாவுக்கும் இதில் பங்குண்டு. சென்னையின் மனநல மருத்துவமனையைக் குறிக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே அங்கே நகைச்சுவைக்கான வசனம். மின் அதிர்வுச் சிகிச்சை திரையில் சித்திரவதையாக வரும். உண்மையில் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்வது சட்டப்படி குற்றம். மனநோயாளி என்றாலே கத்தியோடு பாய்பவர் என்பதும் திரை வளர்த்த பயம். அடிபடுகிறவர்களாகவே அவர்கள் அதிகம் இருக்கிறார்கள்.

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. அதன் பிறகும், உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் வழிபாட்டுத் தலம் சார்ந்த காப்பகம் ஒன்றில் நோயாளிகளைக் கட்டிவைத்திருந்ததை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. மருத்துவர் எட்டாத தூரத்தில் இருந்தால், கட்டிப்போட்ட கை சங்கிலியைத் தவிர வேறு எதைத் தேடும்?

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று திருச்சி. இவ்வளவு சீக்கிரம் தொடங்கிய மாநிலம் இன்று முன்மாதிரியாக நின்றிருக்க வேண்டும். தேவையோ பெரிது: 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை.

ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போகிறவர்களைத் தடுப்பது அரசின் வேலையல்ல. வேண்டுதலும் வைத்தியமும் ஒரே வீட்டில் இருக்கலாம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தருவதைப் போலவே, மனநல மாத்திரைகளையும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாதாமாதம் தடையின்றித் தர வேண்டும். நோயாளிகள் திரளும் வழிபாட்டுத் தலங்களின் வாசலிலேயே மனநல மருத்துவர் உட்கார வேண்டும். மாத்திரை வாங்க வராதவரின் வீட்டுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் போய் விசாரிக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே இதற்கான பணியிடங்களையும் பணத்தையும் தமிழக அரசு ஒதுக்க வேண்டும்.