பட்டனை அமுக்குங்க சார்!

டவலோடு வெளியே மாட்டிக்கொண்ட பக்கத்து ஃபிளாட் பெண்ணை ஹீரோ உள்ளே விடலாமா? சம்சாரம் வருகிற நேரம்! படத்தை நிறுத்தி ஆடியன்ஸையே கேட்டார்கள், 1967 மான்ட்ரியல் கண்காட்சியில். செக் நாட்டு ராதூஸ் சின்சேராவின் 'கினோஆட்டோமாட்'. சீட்டுக்குச் சீட்டு பச்சை, சிவப்பு பட்டன், மெஜாரிட்டிப்படி கதை.

இப்படிப் பத்து தடவை கேட்டால் 1,024 கதை எடுக்கணும். எந்தத் தயாரிப்பாளர் தாங்குவார்? அதனால் சின்சேரா ஒரு தந்திரம் செய்தார். எதை அமுக்கினாலும், அடுத்த கேள்விக்குள் கதை ஒரே இடத்துக்கு வந்துவிடும்!

எங்கள் வேங்கிக்கால் பக்கம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் ஜனங்களோடு வாயடிப்பான். அதற்காகப் பாஞ்சாலி துகில் தப்புமா? ஆனாலும் விடியவிடிய உட்காருகிறோம், நம்மையும் ஒரு ஆளாக மதித்துப் பேசுகிறானே!

ஆபீஸில் டிரான்ஸ்ஃபருக்கு முன் 'விருப்பமான மூன்று ஊர்' எழுதச் சொல்கிறார்களே... அதுவும் பச்சை, சிவப்பு பட்டன்தான் சார்.