ஆளில்லாத புகைபோக்கிகள்

மும்பையின் கிரண்காவ் பஞ்சாலைகளைப் பற்றி நான் பார்த்த புகைப்படத் தொகுப்புகளில் முதலில் வருவது புகைபோக்கி. பிறகு ரம்பப்பல் கூரை, துருப்பிடித்த சக்கரம், உடைந்த சன்னல் வழியே விழும் வெளிச்சம். மனிதர் இல்லை. பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறார்களாம். யாருடைய பாரம்பரியத்தை?

ஆளற்ற படம் என்ற இந்த அழகியலுக்குப் புகழ்பெற்ற முன்னோடிகள் உண்டு. ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் இணையர் 1959 முதல் சுரங்கக் கோபுரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் மேகமூட்டமான வானத்தின் கீழ் நேருக்கு நேராக எடுத்தார்கள். இடிபடவிருந்த கட்டுமானங்களுக்கு அது பெரிய தொண்டு, மறுக்கவில்லை. (இருவரில் புகைப்படத் தொழிலை முறையாகக் கற்றவர் ஹில்லா. 1976இல் டுசல்டார்ஃப் கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவி கிடைத்தது பெர்ன்டுக்கு.) அவர்கள் வடிவங்களை ஒப்பிட்டார்கள். அதே பாணியில் எடுத்து, இதுதான் ஒரு தொழிலாளர் பேட்டையின் வரலாறு என்று சுவரில் மாட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

1920களில் பம்பாய் ஆலைத் தொழிலாளரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். பெரும்பாலோரை நூல் சுற்றவும் சிட்டம் போடவும் வைத்திருந்தார்கள். இரவு வேலைத் தடை, 1929இன் பேறுகால உதவிச் சட்டம் என்று பெண்ணின் நன்மைக்கென்று வந்தவற்றையே சாக்காகச் சொல்லி முதலாளிகள் அவர்களைக் குறைத்தார்கள். ஆட்குறைப்பு வந்தபோதும் அடி விழுந்தது அந்தப் பிரிவுகளில்தான். 1982 ஜனவரியில் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியபோது ஆலைக்குள் மிகச் சில பெண்களே மிஞ்சியிருந்தார்கள். காலி ஆலையை மட்டும் படமெடுப்பவர் அவர்களை இரண்டாம் முறையாக வெளியே அனுப்புகிறார்.

ஆலைக்கு வெளியே நடந்த வேலையோ கணக்கிலேயே இல்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்களுக்குச் சால் வீட்டின் ஒற்றை அறையில் மாதக்கணக்குக்குச் சமைத்துப் போட்டார்கள் கானாவள் நடத்திய பெண்கள். கூலி வராத வேலைநிறுத்த நாட்களில் கடனுக்கும் சோறு போட்டார்கள். 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்று அமைப்பாகவும் திரண்டார்கள். அந்த அடுப்புகளை எந்தப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள்?

"கட்டடம் நாளைக்கு இருக்காது. போன ஆட்களை எப்படிப் படமெடுப்பது?" என்பார்கள். எடுக்கலாம். 1948 தொழிற்சாலைச் சட்டம் வந்தபோது, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பறை இருந்தாக வேண்டும் என்றது. அந்த அறை எங்கே இருந்தது? இருந்ததா? பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை? நானும் கேமரா தூக்குகிறவள்தான். கழிப்பறை வாசல் புகைபோக்கி அளவுக்கு அழகாக விழாது என்று எனக்கும் தெரியும். விழாவிட்டால் போகட்டும். படத்துக்குக் கீழே ஆலை கட்டிய ஆண்டையும் முதலாளி பெயரையும் எழுத இடம் இருக்கிறதல்லவா? சிட்டம் போட்டவள் எந்தச் சன்னலருகே நின்றாள், எத்தனை மணிக்குச் சங்கு ஊதியது என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள். ஆலையில் நின்றவர்கள், அவர்களுடைய மகள்கள், பழைய சால்களில் இன்னும் இருக்கிறார்கள். முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள். புகைபோக்கியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.