வெளிச்சம் காணாதெண்டால் முதலில் பல்ப்பை மாத்தாதேங்கோ

யாழ்ப்பாணத்தில் பழைய காரின் ஹெட்லைற் மங்கினால் இப்ப ஒரேயொரு வைத்தியந்தான்: எல்ஈடி பல்ப். ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எண்டு வித்தியாசமில்லை. கடைக்குப் போறம், கூட வெள்ளையா எரியிறதை வாங்கிப் பூட்டுறம், வேலை முடிஞ்சுது. இந்த வைத்தியம் பிழை எண்டுறம். அதுக்கு விலை குடுக்கிறது எதிரில் சைக்கிளில் வாற ஆள்.

கணக்கைப் பாருங்கோ. 12 வோல்ற் காரில் 60 வோட்ஸ் பல்ப் இரண்டு எரிஞ்சால் 10 அம்பியர் ஓடும். துருப்பிடிச்ச மூட்டுகள் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை குடுத்தால், ஒரு வோல்ற் வழியிலேயே போச்சுது. வோல்ற் 10 வீதம் குறைஞ்சால் இழை பல்ப்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 வீதம் குறையும். இந்தப் பழைய பிரித்தானியக் கார்களில் ஹெட்லைற்றுக்கு ரிலே இல்லை. முழு மின்னோட்டமும் லைற் சுவிச்சுக்குள்ளாலும் டிப் சுவிச்சுக்குள்ளாலும் போய்த்தான் முன்னுக்கு வரும். உப்புக்காத்து ஊரில், அறுபது வருசத் தகரத்தில் முடுக்கின ஏர்த் எந்த நிலையில் இருக்குமெண்டு யோசியுங்கோ.

இதைப் பிடிக்க ஒரு மல்ரிமீற்றர் காணும். லைற்றைப் போட்டிட்டு, ஒரு முனையை பல்ப்பின் ஏர்த் வயரிலும் மற்றதை பற்றரியின் ஏர்த் முனையிலும் வையுங்கோ. பூச்சியத்துக்குக் கிட்ட நிக்கவேணும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த்தைக் கழட்டி, சுரண்டித் துப்புரவாக்கித் திரும்ப முடுக்குங்கோ. பற்றரியின் மற்ற முனைக்கும் பல்ப்புக்கு வாற வயருக்கும் இடையில் இதையே செய்தால் சுவிச்சின் பிழையும் மூட்டின் பிழையும் வெளிக்கும். லூக்காஸ் வயரிங் எண்டால் நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிப், கறுப்பு ஏர்த். டைனமோ உள்ள கார் நிண்டபடி இயங்கேக்க மங்கி, ஓடேக்க பிரகாசமானால் அது அதின்ர இயல்பு. அதுக்காக வயரைக் கிண்டாதேங்கோ.

"எல்ஈடி கரண்ட் குறைவாத்தானே எடுக்குது?" எண்டு கேப்பியள். உண்மைதான். அதால் பிழை மறையும், மாறாது. பழைய ஹெட்லைற்றின் கண்ணாடியும் குழிவாடியும் இழை இருக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தவை. எல்ஈடியில் வெளிச்சம் வேற இடத்திலிருந்து கிளம்புது. டிப் போட்டாலும் அது கீழே விழாமல் எதிரில் வாறவரின் கண்ணில் அடிக்கும். ஒழுங்கையிலிருந்து லைற் இல்லாத சைக்கிளில் ஏறுற அப்பு அந்த நேரம் றோட்டையே காணார்.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் இதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடினது. மாத்த சாமானில்லை, அதால் கராச்சுகளில் பிழையைத் தேடினார்கள். அந்தக் காலம் திரும்பி வரவே வேண்டாம். ஆனால் தேடுற பழக்கமும் ஏன் தடையோட சேர்ந்து போகவேணும்? 2020இல் நிறுத்தின வாகன இறக்குமதி 2025இல் திறந்தும், புது வாகன விலை சாதாரண வீட்டுக்கு எட்டாது. பழசுகள் இன்னும் கனகாலம் ஓடத்தான் போகுது.

கலியாணத்துக்கு ஒஸ்ரினைச் சோடிச்சு, படமெடுத்து, 'எங்கட மரபு' எண்டு போடுறம். அதே காரின்ர பிழையைத் தேட ஒரு மணித்தியாலம் குனிஞ்சு நிண்ட மெக்கானிக்குக் கூலி குடுக்கச் சொன்னால் முகம் சுழிக்கிறம். பல்ப்புக்குக் குடுக்கிற காசு கையில் பொருளாத் தெரியுது, அவற்ர அறிவு தெரியேல்லை. அப்ப அவரும் பல்ப்பை மாத்தித்தான் விடுவார், வேற என்ன செய்யிறது?

அடுத்தமுறை கராச்சுக்குப் போனால் "நல்ல பல்ப் எது?" எண்டு கேக்காதேங்கோ. "எங்க வோல்ற் விழுகுது?" எண்டு கேளுங்கோ. தேடின நேரத்துக்குப் பேரம் பேசாமல் காசைக் குடுங்கோ.